நாவிதன்வெளி வீட்டை மூடவில்லை, மதர்

பாசமுள்ள மதர் பிலோமினாவுக்கு,

உங்களை அடக்கம் செய்து ஒரு வருஷம். கல்முனை மடத்தில் உங்கள் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். என்னைச் சபைத் தலைவியாகத் தெரிவு செய்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு நீங்கள் இறந்த காலைதான் நினைவில் வந்தது.

அந்தக் காலையை உங்களிடம் சொல்லாமல் இந்த வேலையை என்னால் செய்ய முடியாது. நாவிதன்வெளியில் நம் மடத்து வீடும் மருந்தகமும் எரிகின்றன, வயலில் அறுவடைக்கு நின்றவர்களைச் சுடுகிறார்கள் என்று செய்தி வந்தது. சிஸ்டர் ரீற்றா அங்கே தனியே இருந்தார்.

"ஆர் என்னோட வாறீங்க?" என்று கேட்டீர்கள்.

நாங்கள் ஐந்து பேர் நின்றோம். நான் தரையைப் பார்த்தேன். அதை நீங்கள் கண்டீர்களா?

நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மருதமுனை இஸ்மாயில்தான் தன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். "ஏறுங்க மதர், நான் கொண்டு விடுறன்" என்றார். எங்களில் எவரும் அசையவில்லை. தனியாகவே ஏறினீர்கள்.

மிச்சமெல்லாம் காக்கா சொல்லித்தான் தெரியும். வயல் வரம்பு நெடுகப் பிணங்கள். வயிற்றில் துவக்குச் சூடு பட்டுக் கிடந்த ஒரு விவசாயியை நீங்களும் ரீற்றாவும் தூக்கி உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏற்றினீர்கள். வாய்க்கால் பாலத்தில், வயலில் சுட்ட அதே துவக்குக்காரர்கள் மறித்து, அவரை இறக்கச் சொன்னார்கள்.

"இவர் சாகப்போறார். ஆசுபத்திரிக்குப் போக விடுங்க" என்றீர்களாம்.

துவக்குப் பிடியால் உங்கள் தலையில் அடித்தார்கள். நீங்கள் அவரை விடவில்லை. உங்கள் மடியில் வைத்தே அவரைச் சுட்டார்கள். பிறகு மறுபடியும் உங்களை அடித்தார்கள்.

காக்காவும் ரீற்றாவும் உங்களை மடத்துக்குக் கொண்டுவந்தபோது காக்கா இடுப்பில் கட்டியிருந்த சாரன் முழுக்க இரத்தம். "மதர்ட கை இன்னும் சூடாத்தான் இருக்கு, சிஸ்டர்" என்றார். உயிர் இல்லை. உடைந்த மண்டையைத் துணியால் கட்டி, முகத்தை நான்தான் கழுவினேன்.

சபையின் ஆலோசனைக் கூட்டத்தில் மூத்த சிஸ்டர்மார் நாவிதன்வெளி வீட்டை மூடிவிடச் சொன்னார்கள். அவர்களையும் பிழை சொல்ல முடியாது. ரீற்றாதான் கேட்டார்: "அப்ப அந்தச் சனம் காய்ச்சலுக்கு எங்க போறது?" வீட்டை மூடுவதில்லை என்று முடிவாயிற்று.

இந்த வருஷம் நான்கு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், மதர். அவர்களில் தம்பிலுவில் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, "என்னை அங்க அனுப்புங்க" என்று வந்து நின்றாள்.

"நான் போகாத இடத்துக்கு உன்னை அனுப்பமாட்டன்" என்றேன்.

போன கிழமை காக்காவின் உழவு இயந்திரத்தில் ரீற்றாவுடன் நானே போனேன். பாலத்தைக் கண்டதும் பெட்டியில் எழுந்து நின்றுவிட்டேன். காக்கா திரும்பிப் பார்த்து, "நிப்பாட்டட்டா?" என்று கேட்டார். "வேணாம், விடுங்க" என்றேன். கருகிய சுவர்களுக்குமேல் ஊர்ச் சனம் தென்னோலைக் கிடுகால் கூரை போட்டிருந்தது. நாங்கள் போய் இறங்கும்போதே காய்ச்சல்காரர்கள் காத்திருந்தார்கள்.

பயம் போகவில்லை, மதர். ஆனாலும் ஆபத்துள்ள எந்த வீட்டுக்கும் எனக்கு முன்னால் இன்னொருத்தியை அனுப்பமாட்டேன்.

அன்று உங்களோடு வராத உங்கள் மகள்,
சிஸ்டர் அமலா