தைஃபுக்குவின் எடை ஏறிய விதம்

ஃபுசாயே,

இதில் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் சத்தியம். பொய்யென்றால் மிச்சமிருக்கும் என் மூன்று பல்லும் இன்றைக்கே விழட்டும்.

அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அன்று உன் பாம்பு தைஃபுக்குவைத் தலையணை உறையில் போட்டு, நாடா கட்டி எடை பார்த்தாய். "ஆயிரத்தைந்நூறு கிராம் தாண்டாம ஆணோட சேர்த்தா முட்டை சிக்கிச் செத்துடும். அப்பா, அவசரப்பட்டீங்க, தொலைச்சுடுவேன்!" என்று கத்திவிட்டு, மூட்டையை என் தலையணைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினாய். நான்தான் அதைப் பாம்புப் பெட்டிக்குள் வைத்தேன். அவிழ்க்கத் தைரியம் வரவில்லை.

தினமும் மூட்டையோடு சமையலறைத் தராசில் வைக்கிறேன். தீனியே போடவில்லை. ஆனாலும் இந்த அடைமழையில் எடை ஏறிக்கொண்டே போகிறது. நேற்று உன் கணக்கையும் தாண்டிவிட்டது. உறைக்கு மேலேயே நூல் பிடித்து அளந்தேன், சுற்றளவும் கூடுதல். அசைவே இல்லை. எதையோ யோசிக்கிறாள். கூரை எலிகளும் வாய் மூடிவிட்டன. எனக்கு மட்டும் தலையணை சில்லென்று இருந்ததால் நல்ல தூக்கம்.

ஆண் பாம்பு வளர்க்கிற குராமோச்சி போனில், "பெரியவரே, பொண்ணு ரெடியா?" என்றார்.

"ரெடிக்கு மேல ரெடி, மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

இன்று மதியம் ஆண் பாம்போடு வருவார்.

மிசோ சூப் அடுப்பில். சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

பி.கு.: குராமோச்சியை வாசலிலேயே நிறுத்து. படுக்கையறைக் கதவைச் சாத்தியிருக்கிறேன், நீ மட்டும் மெதுவாகத் திற. நான் உன் தம்பி வீட்டில் படுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. நீ தைக்கிற உறையெல்லாம் ஒரே நீலமாக, ஒரே நாடாவோடு இருப்பது யார் தப்பு? இன்று காலை மூட்டையை அவிழ்த்தேன்: உள்ளே இருந்தது மழை ஈரத்தில் ஊறிய, உமி அடைத்த என் தலையணை.