ஆர்.எஸ்.புரத்தில் அப்பா சாப்பிட்ட கேக்

அன்புள்ள அக்ஷிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், கொஞ்சம் அதிகப்படியான சௌக்கியம் என்றே சொல்ல வேண்டும், எல்லோருக்கும் நேரமும் தெம்பும் மிச்சமிருந்ததால்தான் நான் எழுதப்போகிற காரியம் நடந்தது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, டெல்லிக் குளிர் விட்டதா. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டாலே பங்காரு அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார், அதனால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய் அல்லவா, கம்பெனிகளால் கடனைத் திருப்பிக் கட்ட முடியுமா என்று ஆராய்ந்து மதிப்பெண் போடுகிற மும்பை ஆபீஸ் ஒன்று, வசதியானவர்களின் முதலீட்டைப் பார்த்துக்கொள்கிற நம்மூர் ஆர்.எஸ்.புரம் ஆபீஸ் ஒன்று, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும் என்று. முடிந்தால் ஆர்.எஸ்.புரம் ஆபீசைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னாய். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஓர் இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நம் குடும்பத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற வழி.

முதலில் அக்கம்பக்கத்து விசாரிப்பு. உன் அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறையைப் பூட்டிவிட்டு, அந்த ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தார். நல்ல பசங்கதானுங்க, சத்தமே இருக்காது, ஆனா ஒருத்தரும் வடை சாப்பிடறதில்லீங்க என்று டீ மாஸ்டர் சொன்னாராம். வடை சாப்பிடாத இடத்தில் நம் பெண் எப்படி இருப்பாள் என்று அத்தைக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு நல்ல நாள் பார்த்து அப்பா, அத்தை, அரங்கசாமி மாமா, நான், இரட்டைப்படை ஆகாது என்று டிரைவர் பீர் முகம்மதுவையும் சேர்த்து ஐந்து பேராக, தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கோடு உள்ளே போனோம். தேங்காய் மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னது எடுபட்டது.

அங்கே ஹிபா என்று ஒரு பெண்தான் மேனேஜர், முப்பது வயதுக்குள் இருக்கும். தட்டோடு வந்தவர்களைப் பார்த்ததும் யாரோ மில்காரக் குடும்பம் நல்ல நேரத்தில் முதலீடு செய்ய வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். ஏசி அறையில் உட்காரவைத்து, எவ்வளவு காலத்துக்கு யோசிச்சிருக்கீங்க சார் என்று கேட்டாள். ரெண்டு மாசந்தானுங்க என்றார் அப்பா. ரெண்டு மாசத்துல ஒண்ணும் வளராதுங்களே என்றாள் அவள். வளர வேண்டாமுங்க அம்மணி, இருக்கிற உசரத்துக்கே மாப்பிள்ளை தேடோணும் என்றார் அத்தை. அந்தப் பெண் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு, நஷ்டம் வந்தா தாங்குவீங்களா என்று கேட்டாள். அவ வெயில் தாங்குவாளுங்க, பசிதான் தாங்க மாட்டா என்றார் அத்தை. அதற்கு மேல் தாங்க முடியாமல் நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

ஹிபா சிரிக்கவில்லை. எழுந்து நீ உட்காரப்போகிற இடத்தைக் காட்டினாள். நாற்காலி தெற்கே பார்த்திருக்கிறது என்று மாமா சொன்னதும் மேசையோடு திருப்பிப் போடச் சொன்னாள். அத்தை குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்த்தார். அப்போதுதான் வினை வந்தது. அங்கே யாருக்கோ பிறந்தநாள், எல்லோருக்கும் கேக் கொண்டுவந்தார்கள். பேச்சு முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம், உனக்கே தெரியும். நாங்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா ஒரு துண்டைச் சாப்பிட்டு முடித்து விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி, என்ன காரியம் பண்ணிப்போட்டே என்றார் அத்தை. கேக்குத்தானக்கா என்றார் அப்பா. கேக்கா இருந்தா என்ன, கேசரியா இருந்தா என்ன, முடிஞ்சது முடிஞ்சதுதான் என்று சொல்லி, தாம்பூலத் தட்டை ஹிபா கையில் கொடுத்துவிட்டார். அவள் பழம்தானே என்று வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து உனக்கு ஆர்.எஸ்.புரம் நிச்சயமாகிவிட்டது. மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மும்பை என்று நான் வாயெடுத்தால், கொடுத்த வாக்கை மாத்தறதா என்கிறார்கள். என்னைக் கட்டிக்கொடுப்பதற்கு முன்னால் என் பிறந்த வீட்டார் இந்த வீட்டையும் இப்படித்தான் வந்து பார்த்தார்கள், அடுப்படி, கிணறு, குழாய் எல்லாம். அந்த வண்டியில் எனக்கு இடமில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு நாவலைப் படித்து முடித்தேன். எனக்கும் அப்போது பத்தொன்பது வயதுதான், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, யாரும் கேட்கவில்லை.

அதனால் அன்று ஆபீசில் அவர்கள் குழாயடியில் இருந்தபோது நான் ஹிபாவிடம் மும்பையைப் பற்றியும் சொல்லித் தனியாகக் கேட்டேன், உன் தங்கையாக இருந்தால் என்ன சொல்லுவாய் என்று. இங்க வந்தா பணம் இருக்கறவங்ககிட்டப் பேசப் பழகலாம் ஆன்ட்டி, அங்க போனா ஒரு கம்பெனி சொல்றது நிஜமா பொய்யான்னு படிச்சுக் கண்டுபிடிக்கப் பழகலாம், எது இல்லாம அவளால இருக்க முடியாதோ அதை எடுத்துக்கச் சொல்லுங்க என்றாள். இதைவிட நேர்மையான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நீ இங்கே வந்தால் எனக்குச் சந்தோஷம், இரண்டு மாதம் வீட்டில் பேச்சுத்துணை இருக்கும். அதை மறைத்தால் பொய்யாகிவிடும், ஆனால் நீ முடிவெடுக்கும்போது அதைச் சேர்த்துக்கொள்ளாதே.

நேற்று சாப்பிடும்போது ஒன்று செய்தேன். பெத்தவ நான் கை நனைக்கலீங்களே அண்ணி, அப்புறம் எப்படிங்க முடிஞ்சதாகும் என்று அத்தையைக் கேட்டேன். முறை அவருடையது, மீற முடியவில்லை. வெகுநேரம் மென்றுவிட்டு, அதுஞ் செரிதான் என்றார். பிறகு, அப்படின்னா பம்பாயையும் ஒரு எட்டுப் பார்த்துப்போட்டு வந்தரலாம் என்றார். மாமா இப்போது ரயிலில் ஐந்து பேருக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறார். பீர் முகம்மது வீட்டில் சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். தேங்காயும் வருகிறது.

சாப்பிடாமல் வகுப்புக்குப் போகாதே, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடு. நீ எங்கே உட்கார்ந்தாலும் வேலை பிடித்ததாக இருக்கட்டும், உடன் இருப்பவர்கள் நல்லவர்களாக இருக்கட்டும், நன்றாக இரு கண்ணு. இந்தக் கடிதம் புதன்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். எந்த ஆபீஸ் என்றாலும் சரி, முதலில் அவர்களுக்குப் பதில் அனுப்பு, அப்புறம் எங்களுக்குச் சொல். எங்களிடம் கேட்டுவிட்டு அனுப்பாதே.

உன் அம்மா,
சண்முகப்பிரியா