மூன்றாம் நாள் கையெழுத்து

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
4.2.1998

அன்புள்ள மகள் யோகமலருக்கு,

நாங்கள் நலம் என்று எழுத எனக்குப் பொய் வரவில்லை. ரூபனைப் பிடித்த நாளிலிருந்து உன் அம்மா மீன் வாங்குவதில்லை. அவன் வெளியில் வந்த பிறகுதான் என்கிறாள். ஆறு மாதமாக இந்த வீட்டில் பருப்பும் கீரையும்தான்.

உன் தம்பி கொழும்பில் மறியல் சிறையில் இருக்கிறான். நீயும் அதே கொழும்பில்தான் இருக்கிறாய். முதுமாணிப் படிப்போடு, சட்டத்தை மாற்றச் சொல்லி எம்பிமாரோடு எப்படிக் கதைப்பது என்று வேறு ஒரு பயிற்சியாம். கதைக்கப் பழகவா உன்னைப் படிக்க அனுப்பினனான்? கயிறும் பெயின்டும் விற்ற நான், இன்றைக்குத் துறைமுகத்துக் கப்பலுக்கெல்லாம் சாமான் கொடுக்கிறேன். அது வகுப்புக்குப் போய் வந்ததா? ஆரைப் பிடிக்க வேணுமோ அவரைப் பிடித்தால் வேலை நடக்கும். சட்டம் திருந்துவது நாட்டுக்கு. எனக்கு என் பிள்ளை வேணும்.

நல்ல வக்கீலாகப் பார். அவன் பெயரை எந்தப் பேப்பரிலும் எழுதாதே.

எங்கள் கடைச் சாமான் ஏற்றுகிற கிண்ணியா ஆதம்பாவாவின் லொறி வெள்ளிக்கிழமைகளில் அங்கே வரும். பதிலை அவனிடம் கொடு. தபாலை உடைத்துப் பார்க்கிறார்கள்.

உன் அப்பா,
வ. பாக்கியரத்தினம்


வெள்ளவத்தை,
கொழும்பு.
15.2.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபத்திலாவது எழுதினீர்களே. அம்மாவை மீன் சாப்பிடச் சொல்லுங்கோ. ரூபனுக்குத் தெரிந்தால் அதற்கும் அழுவான்.

வக்கீலைப் பார்க்கவில்லை என்று ஆர் சொன்னது? மூன்று பேரைப் பார்த்தேன். மூவரும் ஒரே கதைதான். தம்பிக்கு எதிராக ஆயுதம் இல்லை, சாட்சி இல்லை. அவன் கையெழுத்து வைத்த ஒரு வாக்குமூலம் மட்டும் இருக்கிறது. எட்டுப் பக்கம், முழுக்கச் சிங்களம். அவனுக்குச் சிங்களம் வாசிக்கவே தெரியாது. வேறு வழக்கென்றால் பொலிசிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் கோர்ட் தொடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தொடும். அது வற்புறுத்தி வாங்கியது என்று உள்ளே இருப்பவன்தான் காட்ட வேண்டும். வக்கீல்மார் போய் முட்டி நிற்கிற சுவர் இதுதான் அப்பா. அதைத் தள்ளத்தான் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் பயிற்சி.

பயிற்சி தருகிற அன்னலட்சுமி மிஸ் மேசையில் கடிகாரத்தை வைத்துவிட்டு மூன்று நிமிடம் தருவா. எங்களில் ஒருவர் எம்பியாக நடிப்பார். கொட்டாவி விடுவார், டெலிபோன் எடுப்பார், "உங்கட ஆக்கள் குண்டு வைக்கேக்க நீங்கள் எங்க போனனீங்கள்?" என்று கேட்பார். முதல் நாள் நான் அழுதுவிட்டேன். "அழுகிறதும் மூண்டு நிமிசத்துக்குள்ளதான் பிள்ளை" என்றா மிஸ்.

ஏப்ரல் ஒன்பதாம் திகதி பாராளுமன்றக் குழு ஒன்றின் முன் கதைக்கப் போகிறோம். வீட்டார் ஒருவரும் கதைக்கலாம். நீங்கள் வாங்கோ.

இன்னொன்று. ஏன் கையெழுத்து வைத்தாய் என்று கேட்டால் ரூபன் தலையைக் குனிகிறான். பிடித்து முதலில் அடைத்த முகாமில் அவனைப் பார்த்த ஒரே ஆள் நீங்கள். உங்களிடம் ஏதும் சொன்னவனா?

குழுவுக்கு நான் எழுதிய அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்பு மகள்,
யோகமலர்


திருகோணமலை.
2.3.1998

மகள் யோகமலருக்கு,

அறிக்கை கிடைத்தது. பதினொரு பக்கம்! கயிறு வாங்க வந்தவனுக்குக் கயிறு திரிக்கிற விதத்தைப் பதினொரு பக்கம் சொன்னால் கடையில் நிற்பானா? உனக்கு என்ன வேணும் என்பது ஒன்பதாம் பக்கத்தில் கிடக்கிறது. கேட்கிறதை முதலில் கேள். ஏன் என்பதைப் பிறகு சொல். "ஆராய்ந்து ஆவன செய்யுமாறு" என்று எழுதினால் உன் பேரப்பிள்ளை காலம் மட்டும் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். சட்டத்திலிருந்து இந்தப் பிரிவை நீக்கு என்று எழுது. இதைக்கூடச் சொல்லித் தராத மிஸ் என்ன மிஸ்?

நான் வரமாட்டன். அங்கே வந்து வாயைத் திறந்தால் அடுத்த நாள் துறைமுகப் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் கடை இல்லை. ஆதம்பாவாவின் வீட்டிலும் அதில்தான் அடுப்பு எரிகிறது.

தம்பியைப் போய்ப் போய்க் குடையாதே. வைத்தது வைத்தாச்சு. கையெழுத்து வைத்த பிள்ளைகள் அன்று பின்னேரமே வீட்டுக்கு வரலாம், அப்படித்தான் சொன்னார்கள். வைக்காமல் விட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பானோ என்னவோ. உனக்கு என்ன தெரியும்? நீ அந்த வாசலில் நின்றனியா?

அப்பா


கொழும்பு.
20.3.1998

அப்பாவுக்கு,

"அப்படித்தான் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர் சொன்னது? ஆருக்குச் சொன்னது? அந்த வரியை ரூபனுக்கு வாசித்துக் காட்டினேன். கம்பிக்கு அங்கால் நின்று எல்லாம் சொன்னான்.

இரண்டு நாள் அடித்தும் அவன் வைக்கவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் சோற்றுப் பார்சலோடு உள்ளே வந்தீர்கள். "வை தம்பி. வைச்சிட்டு வா, வீட்டை போவம்" என்றீர்கள். வைத்தான். பார்சலைப் பிரிக்க முதலே உங்களை வெளியில் அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் அடிக்கு வைக்காத கையெழுத்தை உங்கள் ஒரு சொல்லுக்கு வைத்தவன், அப்பா. ஏழு மாதமாக அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. "அப்பா பாவம் அக்கா" என்கிறான். எனக்குப் பாவமாக இல்லை. எனக்குப் பற்றி எரிகிறது. அம்மா மீனை விட்டா. நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு அவவுக்கு முன்னால் இருந்து பருப்பைச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

வக்கீலிடம் சொன்னேன். கையெழுத்து வைத்தால் விடுவோம் என்று ஆரும் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தால், அது ஆசை காட்டி வாங்கிய வாக்குமூலம் என்று வாதாட இடமிருக்கிறதாம். அந்த வாக்கைக் காதால் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

அறிக்கையை இரண்டு பக்கமாக்கிவிட்டேன். கேட்கிறதை முதலில் கேட்டிருக்கிறேன். அடுத்த வரி "ஒரு தந்தை" என்று தொடங்குகிறது. பெயர் போடவில்லை. இனி உங்களை வாங்கோ என்று கேட்கவும் மாட்டேன்.

யோகமலர்


திருகோணமலை.
3.4.1998

பிள்ளைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடி வாசித்தேன். பட்டப் பகலில் கதவைப் போட்டுவிட்டு உள்ளே இருந்தேன்.

அன்றைக்கு அந்த முகாம் அதிகாரி எனக்குக் கதிரை தந்தவர், தேத்தண்ணி தந்தவர். நல்ல தமிழ். "முதலாளி, உங்களை ஹாபர் முழுக்கத் தெரியும். ஒரு கையெழுத்துத்தான். பின்னேரம் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றவர். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. என் பிள்ளையை அடித்த கட்டடத்தில் எனக்குக் கதிரை போட்டார்களே என்று ஒரு பெருமை. துறைமுக வாசலில் முப்பது வருசமாகச் சிங்களத்தில் நீட்டிய பேப்பரில் எல்லாம் வாசிக்காமல் வைத்தவன் நான். வைத்தால் கேற் திறக்கும், லொறி போகும். இதுவும் ஒரு கேற் என்று நினைத்தனான். அவன் மாற்றிக் கட்ட ஒரு சாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு இருட்டும் மட்டும் வெளியில் நின்றனான்.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். "நீங்களோ?" என்று கேட்டாள். அவ்வளவுதான். சாப்பாடு வைக்கிறாள், முகம் பார்க்கிறாள் இல்லை.

எட்டாம் திகதி ஆதம்பாவாவின் லொறியில் வருகிறேன். பாஸ் போனால் போகட்டும் என்று முதலில் சொன்னவன் அவன். அவனைச் சீமெந்து மூட்டையில் எம்பியாக இருத்தி, கடிகாரத்தை வைத்துப் பழகுகிறேன். முதல் தரம் பன்னிரண்டு நிமிசம். "முதலாளி, கேக்கிறத முதல்ல கேளுங்க" என்று என்னுடைய கதையையே எனக்குச் சொன்னான், கள்ளன். நேற்று மூன்று நிமிசத்துக்குள் முடித்தேன். கொட்டாவி விட வேண்டிய இடத்தில் அவன் எழும்பி வெளியில் போய்விட்டான்.

"ஒரு தந்தை" என்பதை வெட்டு. பெயரைப் போடு, கடையின் பெயரையும் போடு. ஆளில்லாத கதையை ஆர் நம்புவான்?

கோபத்தை விடு என்று கேட்கவில்லை. வைத்திரு. அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் அது தேவைப்படும்.

நான் சொல்வதை அங்கே சிங்களத்தில் எழுதி என்னிடம் நீட்டுவார்கள். நீ பக்கத்தில் இருந்து வரிவரியாக எனக்குத் தமிழில் வாசி. வாசித்து முடியும் மட்டும் பேனையை என் கையில் தராதே.

வல்லிபுரம் பாக்கியரத்தினம்