மேல்வீட்டுக் குழாய் வெடித்ததற்குக் கீழ்வீட்டின்மேல் பழி

அனுப்புநர்
அமீருன்னிசா, க/பெ நஜ்முதீன்,
எண் 3, கீழ்த்தளம்,
மேப்பிள் கோர்ட் குடியிருப்பு,
பார்சிப்பனி, நியூ ஜெர்சி.

பெறுநர்
உயர்திரு சேனாபதி அவர்கள்,
தலைவர், வீட்டு உரிமையாளர் சங்கம்,
எண் 4, என் வீட்டிற்கு நேர் மேலே,
மேற்படி குடியிருப்பு.

பொருள்: தங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்தது – பழியை என்மீது போட்டது – திருத்தம் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: அறிவிப்புப் பலகையில் தாங்கள் ஒட்டிய 3.2.94 நாளிட்ட தாள்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. புகார் யார்மீது இருந்தாலும் அதை எழுத்து மூலம் தலைவரிடமே தர வேண்டும் என்பது சங்க விதி. ஆகவே தங்கள்மீதான புகாரைத் தங்களிடமே தருகிறேன். தமிழருக்குத் தமிழர் ஆங்கிலத்தில் எழுதுவது வெட்கக்கேடு என்று தாங்கள் மேடையில் பேசியவர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். வழக்கமாகத் தங்களை அண்ணன் என்று அழைப்பேன். இம்மனு முடியும்வரை தலைவர் என்றே அழைப்பேன்.

2. கடந்த ஜனவரி 24, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என் வீட்டில் பிள்ளைகள் மதியம் உறங்கும் அறையின் கூரை நனைந்து, ஊறி, ஒரு துண்டாகக் கீழே விழுந்தது. நான் வீட்டிலேயே நடத்தும் டேகேரில் (குழந்தைகள் காப்பகத்தில்) உள்ள ஐந்து பிள்ளைகளும் அந்நேரம் முன்னறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து விழுந்திருந்தால் அவர்கள்மேல் விழுந்திருக்கும்.

3. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தாங்கள் விட்டுச்சென்ற சாவியால் தங்கள் வீட்டைத் திறந்தேன். உள்ளே வெளியை விடக் குளிர். குளிர்சாதனப் பெட்டி துடைத்துக் காலியாக, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு செருப்பு முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. மின்பெட்டியில் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் இல்லையென்றால் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் ஓடாது என்பதைத் தலைவருக்கு விளக்க நான் துணியமாட்டேன். பொள்ளாச்சி வீட்டைப் பூட்டும்போது செய்வதையே, தண்ணீர் கல்லாக உறையும் ஊரிலும் செய்துவிட்டு, ஐந்து வாரம் ஊருக்குப் போய்விட்டீர்கள். கூரை விழுவதற்கு முந்தைய வாரம் இருந்த குளிரில் சமையலறைச் சுவருக்குள் குழாய் உறைந்து பிளந்தது. குளிர் சற்றுத் தணிந்ததும் உருகிக் கொட்டியது. வால்வை மூடித் தண்ணீரை நிறுத்தியது நான்தான்.

4. மறந்துவிட்டீர்கள் என்று நினைக்க முயன்றேன், முடியவில்லை. புறப்படும் முன் கறிவேப்பிலைத் தொட்டியைத் தாங்களே சுமந்துவந்து என் சமையலறை ஜன்னலில் வைத்து, மேலே இருந்தால் குளிரில் பட்டுப்போகும் என்றீர்கள். செடிக்குக் குளிரும் என்று தெரிந்திருக்கிறது. குழாயைப் பற்றியும் கீழே குடியிருப்பவர்களைப் பற்றியும் அவ்வளவு யோசிக்கத் தோன்றவில்லை. செடி நலமாக இருக்கிறது.

5. அன்றே பொள்ளாச்சிக்குத் தொலைபேசியில் பேசியபோது தங்கள் துணைவியார் தனபாக்கியம் அக்கா, "ஊருக்குப் போறப்ப மெயினை ஆஃப் பண்ணீட்டுத்தானுங்க போவோம், அவருதான் பண்ணுனாரு" என்று மறைக்காமல் சொன்னார். அதற்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த வீட்டில் உண்மை பேச ஒருவராவது இருக்க வேண்டும்.

6. தாங்கள் திரும்பி வந்து ஒட்டிய தாள், நான் சமையலறைத் தொட்டியில் ஊற்றிய எண்ணெய் உறைந்து, கழிவுநீர் மேலேறி, தங்கள் குழாயை வெடிக்கச் செய்தது என்கிறது. கழிவுநீர் போகும் குழாய் வேறு, நல்ல தண்ணீர் வரும் குழாய் வேறு. என் வீட்டுத் தண்ணீர் மாடியேறிப் போய், தங்கள் குழாயை உடைத்துவிட்டு, மறுபடி என் தலையில் வந்து விழும் வழியைத் தாங்கள் ஒரு படம் வரைந்து காட்டினால் பணிவுடன் பார்ப்பேன். பழுது பார்த்த பிளம்பர், குழாய் உறைந்து பிளந்தது என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் வெட்டியெடுத்த துண்டு என்னிடம் இருக்கிறது. நீளவாக்கில் ஒரு சாண் பிளவு.

7. பராமரிப்பு அறியாதவள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேக எவ்வளவு நேரமாகும் என்று அறிந்தவள் நான். மாதம் ஒருமுறை குழாய் வாய்களையும் ஷவரையும் வினிகரில் ஊறவைத்து வெள்ளைப் படிவை நீக்குகிறேன். வெந்நீர்த் தொட்டியின் அடியில் சேரும் சுண்ணாம்பை ஆண்டுக்கு இருமுறை வடிக்கிறேன். எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்த பிறகே கழுவுகிறேன். கடுங்குளிர் நாட்களில் குழாயைச் சொட்டவிடுகிறேன். இவை அனைத்தும் அக்டோபர்தோறும் தாங்கள் வெளியிடும் சுற்றறிக்கையில் உள்ளவை. வெளியூர் செல்வோர் ஹீட்டரை ஐம்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதும் அதில் ஏழாவதாக உள்ளது. இருபத்து நான்கு வீடுகளில் அதைப் படிக்காதவர் அதை எழுதியவர் மட்டுமே.

8. இவ்வளவையும் பொறுத்திருப்பேன். ஆனால் என் டேகேருக்குச் சங்கம் தந்த அனுமதியை வரும் கூட்டத்தில் ரத்து செய்யலாம் என்று அந்தத் தாளின் கடைசி வரி கூறுகிறது. அதைப் படித்த இரண்டு தாய்மார் வேறு இடம் தேடுகிறார்கள். இந்நாட்டில் மற்ற எல்லாத் தாள்களிலும் நான் நஜ்முதீனின் மனைவி. என் பெயருக்கென்று வந்த ஒரே தாள் அந்த அனுமதிக் கடிதம். தங்கள் மானத்தைக் காக்க அதைக் கிழிப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

9. ஆகவே, அத்தாளை அகற்றி, குழாய் வெடித்ததன் உண்மைக் காரணத்தைத் தங்கள் கையொப்பத்துடன் அதே பலகையில் ஒட்டுமாறும், அனுமதி ரத்துப் பேச்சைக் கைவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் இது நடக்காவிட்டால், வந்த மனுக்களைத் தலைவரே எழுந்து நின்று முழுமையாக வாசிக்க வேண்டும் என்ற விதியைத் தங்களுக்கு நினைவூட்டுகிறேன். பிறை தெரிந்தால் அன்று எனக்கு முதல் நோன்பு. நோன்பு வைத்த வாயால் நான் எதையும் கூட்டிச் சொல்லமாட்டேன். நான்கு, ஐந்தாம் பத்திகளை விட்டுவிடாமல் வாசிக்கவும். தமிழறியாத உரிமையாளர்களுக்கு என் மகள் ஃபைஹா வரிக்கு வரி சொல்வாள். தமிழில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள் என்று அவளைத் தாங்கள் எத்தனையோ முறை குறை கூறியிருக்கிறீர்கள். சனிக்கிழமை அவள் அதைத்தான் செய்யப்போகிறாள்.

இடம்: பார்சிப்பனி
நாள்: 9.2.1994

இப்படிக்கு,
தங்கள் காலடியில் குடியிருக்கும்
அமீருன்னிசா

இணைப்பு: பிளம்பர் அறிக்கையின் நகல். குழாய்த் துண்டு நேரில் கொண்டுவரப்படும்.