கொழும்புத் தாளில் செய்த பூக்கள்

ஏளா,

அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருக்கிறது. பழைய பால்பொடி டப்பாவில் மெழுகுவர்த்தித் துண்டுகளைப் போட்டு, கொதிக்கிற தண்ணீருக்குள் டப்பாவை இறக்கி வைத்திருக்கிறேன், உங்கள் வீட்டில் செய்வது போலவே. வாசம் கடைவரைக்கும் போய்விட்டது. என் மகன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்குள்ள மாதா கோயில் வாசம் அடிக்கு?" என்று கேட்டான். எனக்கு இது கோயில் வாசம் இல்லை. ஐம்பது வருடமாக இந்த வாசம் வந்தால் என்னால் உன் முகத்தை நேராகப் பார்க்க முடிந்ததில்லை.

நாளை கல்லறைத் திருநாள். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. நேற்று உன் தம்பி மகள் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். என்னிடம் சேர்க்கச் சொல்லி வைத்திருந்தாயாம். அதைத் திறந்ததிலிருந்து உன்னோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். வாய்விட்டுப் பேசினால் வீட்டில் பயந்துவிடுவார்கள் என்று எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் உடன்குடிப் பக்கமிருந்து தூத்துக்குடிக்கு வந்து, உங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை போட்டோம். பனங்காட்டில் வளர்ந்த எனக்குக் கடலும் புதிது, உங்கள் மாதா கோயில் தெருவும் புதிது. நீ இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து மைதா வாங்கிக்கொண்டு போவாய். எனக்கு மூக்கை நுழைக்காமல் இருக்க முடியுமா? "எதுக்கு இம்புட்டு மைதா? பலகாரக் கடையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "பசை காய்ச்ச. பூச் செய்ய வேண்டாமா? வந்து பாரு" என்றாய். அன்று சாயங்காலமே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கோயில் பீடத்துக்கு, சப்பரத்துக்கு, புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் தலைக்கு, கல்யாண வீட்டு வாசலுக்கு என்று உன் வீட்டில் எந்நேரமும் நெளிநெளியான தாளில் காகிதப் பூ. கத்தரிக்கோலை எடுத்ததுமே எனக்குத் திட்டு விழுந்தது. "தாள்ல நெளி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்து வெட்டு. குறுக்க வெட்டினா இதழ் குழியாது." நீ வெட்டிய இதழை இரண்டு கட்டைவிரலால் நடுவில் லேசாக இழுப்பாய். அது அப்படியே குழிந்து நிற்கும். நான் இழுத்தால் கிழியும்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள்தான் மெழுகு முக்குவதை முதல்முதலாகப் பார்த்தேன். நீயும் உன் அம்மாவும் கம்பிக்காம்பைப் பிடித்துப் பூவைத் தலைகீழாக மெழுகில் இறக்கி எடுத்து உதறினீர்கள். "இனி பனியும் மழையும் ஒண்ணும் செய்யாது" என்றார் உன் அம்மா. கல்லறைக்குப் போகிற பூ என்று எனக்குத் தெரியும். ஆனால் மழை பெய்கிற மாதம் வந்தால் எல்லாப் பூவையும் இப்படித்தான் முக்குவீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உலகத்தில் உள்ளதையெல்லாம் கேட்கிறவள், அதை மட்டும் கேட்கவில்லை.

சூசை வந்தது அதற்கடுத்த மாதம். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். உன் தம்பியைத் தேடி வருகிற சாக்கில் உன்னைப் பார்த்துவிட்டுப் போவார். அன்று எங்கள் கடை வாசலில் நீ நிற்கும்போது ஒரு தாள் சுருளை உன் கையில் கொடுத்தார். நான் உள்ளே சர்க்கரைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் வெளியே இருந்தது.

"கொழும்புத் தாள். இந்த ரோஸ் நிறம் இங்கன கிடைக்காது. இதுல எனக்கு ஒரு கொத்து செஞ்சு குடு. குடுத்தியன்னா சம்மதம்னு எடுத்துக்கிடுதேன். கடல்ல போம்போது என் பெட்டியில இருக்கட்டும். திரும்பி வந்ததும் அம்மைய உங்க வீட்டுக்கு அனுப்புதேன்."

"குடுக்கலன்னா?" என்று கேட்டாய்.

"குடுக்கலன்னா தாள் உனக்கு மிச்சம்."

நீ சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தாய்.

ஐந்து பூ செய்தாய். அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டாய். சப்பரத்துக்கு ஒரே நாளில் நூறு பூ செய்கிற கை, ஓர் இதழைச் சுற்றிவிட்டு, பிடிக்காமல் பிரித்துவிட்டு மறுபடியும் சுற்றியது. தோணித்துறையில் உன் அப்பா மூட்டை ஏற்றிக்கொண்டிருந்ததால் நீ அங்கே போக முடியாது. தோணித் தலைவரான தண்டலுக்கு வெற்றிலையும் சுருட்டும் எங்கள் கடையிலிருந்துதான் போகும். அதோடு பூவையும் கொண்டு போய்ச் சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் தூறிக்கொண்டே இருந்தது. கொத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். கடலில் ஈரம் பட்டால் சாயம் இறங்கி, திரும்பி வரும்போது வெறும் கம்பிதான் மிஞ்சும் என்று தோன்றியது. கடையில் மெழுகுவர்த்திக்குப் பஞ்சமா? உருக்கி, ஐந்தையும் முக்கி எடுத்தேன். கண்ணாடி மாதிரி மின்னின. உனக்கு ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு அத்தனை பெருமை.

துறையில், கொத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளைச் சூசை பிரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். நகத்தால் ஓர் இதழைச் சுரண்டினார்.

"அவ செஞ்சதா?"

"அவளேதான். நாலு நாளா வேற வேலை பாக்கல."

"மெழுகும் அவதான் முக்குனாளா?"

நான் "ஆமா" என்றேன். நீ அவ்வளவு அக்கறையாகச் செய்தாய் என்று அவர் நினைக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். இந்த ஒரு சொல்லைத்தான் ஏளா, நான் இத்தனை வருடமாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருக்கிறேன்.

"சரி. புரிஞ்சிட்டுன்னு அவகிட்ட சொல்லிரு" என்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. கூச்சம் என்று நினைத்தேன். ஓட்டமும் நடையுமாக வந்து உன்னிடம் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

தோணி திரும்பியபோது அதில் சூசை இல்லை. தண்டல் எங்கள் கடையில் வந்து நின்றுதான் என் அப்பாவிடம் சொன்னார். "அவன் கொழும்புலயே இறங்கிட்டான் அண்ணாச்சி. வெளிநாட்டுக் கப்பல் ஒண்ணுல ஏறிட்டானாம். என்ன கோட்டி பிடிச்சுதோ தெரியல." நான் கொதித்துப் போனேன். மறுநாள் நீ மைதா வாங்க வந்தபோது, சம்மதம் கேட்டுவிட்டு ஓடிப் போகிறவன் எல்லாம் ஒரு ஆம்பளையா என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ மைதாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "அவர ஏசாத ஏளா" என்றாய். அவர் மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்தேன்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கும் உங்கள் வீட்டில் மெழுகு உருகியது. பீடத்துப் பூ ஒரு தட்டில் தனியாக இருந்தது. "இதையும் முக்கிரலாமே, ரொம்ப நாளைக்கு இருக்குமே" என்று சொல்லி ஒரு பூவைக் கையில் எடுத்தேன். உன் அம்மா வெடுக்கென்று அதைப் பிடுங்கினார்.

"வை ஏளா அங்கன. மெழுகு முக்குன பூவ உசுரோட இருக்கவங்களுக்கு யாராவது குடுப்பாகளா? முடிஞ்சு போனவங்களுக்குல்லா அது."

சூசை துறையில் நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. நீ தந்த பதிலாக நான் கொண்டு போய்க் கொடுத்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. நீ அந்தப் பக்கம் இதழ் வெட்டிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தவே இல்லை. "நீ இங்கன வந்து வெட்டு. மெழுகு வேலை உனக்கு வேண்டாம், கையைச் சுட்டுக்கிடுவ" என்று மட்டும் சொன்னாய்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். தோணி மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருந்தது. யார் கையிலாவது ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நான் சொல்லவில்லை. சொன்னால் நீ என்னோடு பேசமாட்டாய் என்று பயந்தேன். உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு, உன் சிநேகிதம் கெட்டுவிடுமே என்று பயந்த கோழை நான். உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினாய். என் கல்யாணப் பந்தலுக்குப் பூச் செய்தாய். என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குச் செய்தாய். தையல் மெஷினும் காகிதப் பூவுமாக உனக்குத் தலை நரைத்தது. ஒவ்வொரு வருடமும் மெழுகு உருகும்போது, இந்த வருடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு வருடமும் நீ என்னை இதழ் வெட்ட அனுப்பினாய். கடைசியாக ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்றுகூட, கஞ்சி குடித்தாயா என்றுதான் கேட்டேன்.

நேற்று வந்த பெட்டியில் மேலாக ஒரு பழைய கொத்து இருந்தது. மெழுகு மஞ்சளாகி வெடித்திருந்தது. ஓர் இதழில் என் கட்டைவிரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அன்று நான் முக்கிக் கொடுத்த அதே கொத்து.

"தோணி திரும்பி வந்த அன்னைக்கே, சூசைங்கவரு குடுத்துவிட்டாருன்னு தண்டல் இதை அத்தைகிட்ட குடுத்துட்டாராம்," என்றாள் உன் தம்பி மகள். "அத்தை கப்பல் கம்பெனிக்கு மூணு கடுதாசி போட்டிருக்காங்க. பதிலே வரல. அப்புறம் அவருக்கு எங்கயோ கலியாணம் ஆயிட்டுன்னு அவங்க அம்மாவே வந்து சொன்னாங்களாம்."

முதல் நாளிலிருந்தே உனக்குத் தெரிந்திருக்கிறது. மைதாவை மடியில் வைத்துக்கொண்டு "அவர ஏசாத" என்று சொன்னபோது, ஏச வேண்டியது யாரை என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய். தெரிந்துகொண்டே என் பிள்ளைகளுக்குப் பூச் செய்தாயே, உன்னால் எப்படி முடிந்தது? இதற்காக ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது. நீ திட்டாமல் விட்டது பொறுத்துக்கொண்டதாலா, தண்டிக்கவா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். கேட்க நீ இல்லை.

பழைய கொத்துக்குக் கீழே புதிதாகச் செய்த ஐந்து பூ. அதே ரோஸ் நிறம்தான், மடிப்புகளில் மட்டும் வெளுத்திருந்தது. அன்று மிஞ்சிய கொழும்புத் தாளை வைத்திருந்து, படுக்கையில் கிடந்தபடி செய்திருக்கிறாய்.

"இது அத்தை கல்லறைக்கு," என்றாள். சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை. "அத்தை சொன்னத அப்படியே சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. 'பூவ நான் செஞ்சுட்டேன். மெழுகு மட்டும் அவ முக்கட்டும். இந்தத் தடவ சரியான எடத்துக்குத்தான் போவுதுன்னு சொல்லு.' சொல்லிட்டுச் சிரிச்சாங்க."

எப்படிச் சிரித்தாய் என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான்கு பூவை முக்கிக் காயவைத்திருக்கிறேன். நீ சொன்னது சரிதான், கையைச் சுட்டுக்கொண்டேன். ஐந்தாவதைக் காம்பைப் பிடித்து டப்பாவுக்கு மேல் வெகுநேரம் வைத்திருந்தேன். என்னால் முடியவில்லை. காலையில் நான்கையும் உன்னிடம் கொண்டுவருகிறேன். இந்த ஒன்று மெழுகு படாமல் என் பெட்டியில் இருக்கும், சாயம் போகிறவரை இருக்கட்டும். இதை நீ எனக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறேன். நீ கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.