கன்னியம்மாவின் பால்

5-6-67, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சப்-ஜெயிலிலிருந்து ஆள் வந்தது, பெண் கைதி வந்திருக்கிறாளாம். பெண் கைதி இருந்தால்தான் எனக்கு வார்டர் வேலை. இரண்டு மாதம் சும்மா இருந்தாயிற்று. காக்கிப் புடவையில் பூச்சி அரித்திருக்கிறது.

பெயர் கன்னியம்மா. இருபது, இருபத்திரண்டு இருக்கும். பிள்ளையார்பாளையம். பட்டு முதலாளி வீட்டில் சரிகை காணோம் என்று கேஸ். பதினைந்து நாள் ரிமாண்டு. ரவிக்கை முன்பக்கம் முழுக்க ஈரம். தண்ணீர் கொட்டிக்கொண்டாளா என்று கேட்டேன்.

"பாலுதான்க்கா. புள்ளைக்கு நாலு மாசம். ஏணையில தூங்கிக்கினு இருந்துச்சு, அப்படியே இட்டாந்துட்டாங்க."

ஹெட் வார்டரிடம் சொன்னேன். "கைக்குழந்தைய கூட வெச்சிக்கலாம்மா, ரூல் இருக்குது. யாராச்சும் கொண்டாந்து குடுக்கணும். நம்ம போய் தூக்கியாற முடியுமா?"

வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. மறக்கக் கூடாது.

6-6, செவ்வாய்

டூட்டி முடிந்து கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, என் புத்தி. பிள்ளையைக் கொடுங்கள், ரூல் இருக்கிறது என்றேன். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஜெயிலுக்கா? எங்க வூட்டுப் புள்ளையவா? வோணாம்மா. பசும்பால் குடிக்குது. நீ போ."

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. புருஷன்காரன் தறியில். தலையையே தூக்கவில்லை, நாடா மட்டும் நூலுக்குள் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தது. பாவி.

திரும்பி வந்து க.விடம், பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

7-6, புதன்

க.வுக்குக் காய்ச்சல். பால் கட்டிக்கொண்டுவிட்டது. மார் கல்லாக இருக்கிறது, கை வைத்தால் கத்துகிறாள். அலுமினியத் தட்டில் பீய்ச்சிப் பார்த்தாள், சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிட்டது. வெந்நீர் ஒத்தடம். மறுபடி ஒத்தடம்.

கம்பவுண்டர் வந்தார். கம்பிக்கு வெளியிலேயே நின்றார். ஜுரமா என்று என்னைக் கேட்டார். சிவப்பு மிக்சர் ஊற்றிக் கொடுத்தார். தலைவலிக்கும் அதுதான், வயிற்றுப்போக்குக்கும் அதுதான்.

பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி சூப்பிரண்டு ஐயாவிடம் போய் நின்றேன். "எஸ்கார்ட் இல்லாம எப்படிம்மா அனுப்பறது? கான்ஸ்டபிள் எல்லாம் மந்திரி பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க. நாளைக்குப் பாக்கலாம்."

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். சாவி என் இடுப்பில்தான். எரிச்சலில் வீட்டுக்கு வந்து மகளைத் திட்டிவிட்டேன்.

8-6, வியாழன்

இன்றைக்கும் எஸ்கார்ட் இல்லை. க.வுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மல்லிப்பூ வெச்சிக் கட்டுக்கா. புள்ளை செத்தவங்களுக்குக் கட்டுவாங்களே, அப்படி."

"பால் வத்திப் போயிடுமேடி."

"இருந்து யாருக்குக் குடுக்கப் போறேன்? நோவு தாங்கல."

மனசே இல்லை. ஆனாலும் போய் வாங்கினேன், நாலு முழம். பூக்காரி, "காமாட்சி அம்மனுக்கா?" என்றாள். தலையை ஆட்டினேன். மாரில் பூவைப் பரப்பி, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

ஹெட் வார்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இன்னாம்மா விசேஷம்?" என்றார். 

10-6, சனி

நேற்றும் இன்றும் பூ மாற்றிக் கட்டினேன். காய்ச்சல் விட்டது. மார் இளகிவிட்டது. ரவிக்கை காய்ந்து கிடக்கிறது. களி முழுவதும் சாப்பிட்டாள். கம்பவுண்டர், "பாத்தியா, மிக்சர் கேட்டுச்சு" என்றார். இருக்கட்டும். மகளுக்கு ரிப்பன் வாங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

13-6, செவ்வாய்

தூறல். கேட்டில் சத்தம். போய்ப் பார்த்தால் மாமியார், இடுப்பில் துணி மூட்டை. மூட்டை இல்லை, குழந்தை. கண் உள்ளே போய், கை காலெல்லாம் குச்சி.

"பசும்பால் ஒத்துக்கல. நாலு நாளா பேதி. ரூல் இருக்குதுன்னு அன்னிக்கு சொன்னியே, வாங்கிக்கம்மா. பெத்தவ பால் குடுத்தா பொழைச்சுக்கும்." அழுதுகொண்டே என் கையில் திணித்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

க. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அவசரத்தில் ரவிக்கைக் கொக்கி தெறித்தது. குழந்தை கவ்விக்கொண்டு சப்பியது, சப்பியது. விட்டுவிட்டுக் கத்தியது. அந்தப் பக்கம் மாற்றினாள். அதேதான்.

கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து பஞ்சில் நனைத்துக் கொடுத்தோம். கக்கிவிட்டது. கம்பவுண்டருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது, நாளைக்கு வருவாராம். எஸ்கார்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"இப்போ சப்பிக்கினே இருந்தா திரும்ப ஊறும் இல்லக்கா?"

ஊறும் என்றேன். ஊறுமா என்று எனக்குத் தெரியாது. மறுபடி மாரில் வைத்துக்கொண்டாள். குழந்தை இப்போது அழக்கூட இல்லை, வாயை மட்டும் அசைக்கிறது.