ஜாக்கி வைக்காமல் விட்ட சக்கரம்

அன்பு மச்சான் சகாயத்துக்கு,

நீ போய்ப் பத்து மாதமாகிறது. போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன், துறைமுகத்தில் சொன்னேன், என் தங்கை ரெஜினாவிடமும் சொன்னேன். உன்னிடம்தான் இன்னும் சொல்லவில்லை. கல்லறைக்கு இரண்டு தடவை வந்தேன். மெழுகுவர்த்தியை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை நீ உன் மீன் வண்டியை இந்தக் கோளாறோடு கொண்டுவந்தது ஒரு திங்கட்கிழமை. சந்தையில் மீனை இறக்கிவிட்டு நேரே என் பட்டறைக்கு வந்தாய். பின்பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது, நாற்பதில் ஒன்றும் இல்லை, அறுபதைத் தாண்டினால் நின்றுவிடுகிறது என்று சொன்னாய். அப்படிச் சொன்னால் எந்த மெக்கானிக்கும் முதலில் டயரைத்தான் சந்தேகப்படுவான். நானும் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, பேலன்ஸ் பார்த்து, ஈயத் துண்டு வைத்து, காற்றைச் சரிபண்ணி மாட்டினேன். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. அதுவரைக்கும் நான் செய்ததில் தப்பு இல்லை.

நான்காம் நாள் மறுபடி வந்தாய். நீ சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இன்னும் இருக்கு மக்கா. பள்ளத்துல எறங்கி ஏறினா புடிச்சு ஆட்டுது. வெறும் டயரு இல்ல கேட்டியா, உள்ள என்னமோ கெடக்கு."

நோயை நீயே சரியாகச் சொல்லிவிட்டாய். நான்தான் கேட்கவில்லை. அன்று ஒரு பள்ளிக்கூட வேனின் கியர் பாக்ஸ் கழற்றிக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜாக்கி அந்த வேனுக்கு அடியில் இருந்தது. முன் இடது சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, டயரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. தரையில் நிற்கிற சக்கரம் அசையாது சகாயம். வண்டியின் பாரம் முழுக்க அதன் மேல்தானே இருக்கிறது? ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை அந்தரத்தில் விட்டு, இடமும் வலமும் பிடித்து ஆட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு வண்டிக்கும் செய்த வேலை. உன் வண்டிக்கு மட்டும் செய்யவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் பாக்ஸின் மேலே இருக்கும் திருகைக் கால் சுற்று இறுக்கினேன். அப்படி இறுக்கினால் ஸ்டியரிங் கையில் கெட்டியாக நிற்கும். கீழே எது ஆடினாலும் கைக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. கோயில் முக்குவரை ஒரு சுற்றுப் போய் வந்து, "இப்பம் கல்லு மாதிரி நிக்குது" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

பதினொரு நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு, இரணியலுக்கு முந்தைய இறக்கத்தில் உன் வண்டி நேராகப் போய் ஓடைப் பாலத்தின் சுவரில் மோதியது. சாலை வளைந்தது, வண்டி வளையவில்லை. மீன் பெட்டிகள் வாழைத் தோட்டம் வரை சிதறிக் கிடந்தன. நான் போய்ச் சேரும்போது உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

முந்தின நாள் நம் ஊர்த் திருவிழாவின் கடைசி நாள். அது ஒன்று போதுமாக இருந்தது. திருவிழாவில் குடித்துவிட்டு அதே போதையில் வண்டி எடுத்தான் என்று உன்னை அடக்கம் செய்வதற்குள்ளேயே பேச்சு கிளம்பிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் நீ குடித்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு குடிக்காததை யார் பார்த்தார்கள்? ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள், அதன் முடிவு வரவே இல்லை. கவனக்குறைவு என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். மிச்சத்தை ஊர் எழுதிக்கொண்டது.

ரெஜினாவும் நம்பினாள். என் தங்கை நம்பினாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் மகள் அபிஷா முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று, பிள்ளையின் தலையில் கைவைத்து நீ குடியை விட்டாயே, அந்தச் சத்தியத்தையே நீ மீறிவிட்டாய் என்று நினைத்தாள். நாற்பதாம் நாள் பூசைக்குக்கூட வரவில்லை. உன் சட்டைகளைச் சாக்கில் கட்டி வெளியே வைத்தாள். அவளை ஆறுதல்படுத்தப் போனவனும் நான்தான். அவள் முன்னால் உட்கார்ந்து, அந்தக் கால் சுற்றை நினைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் அபிஷா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று உன்னைக் குடிகாரன் என்று சொல்லியிருக்கிறது. மறுநாள் காலையிலேயே ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். உன் வண்டி பின்பக்க வேலியோரம் புல் முளைத்துக் கிடந்தது. எஸ்.ஐ. முதலில் மறுத்தார். பிரேக்கைச் சோதித்துவிட்டார்கள், அது சரியாக இருக்கிறது, இன்னும் என்ன என்று கேட்டார். பிரேக் இல்லை சார், திருப்புகிற கம்பியைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு ஏட்டையாவைக் கூட நிற்கவைத்து அனுமதித்தார்.

முதலில் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். ஹேண்ட் பிரேக் கடைசிப் பல்வரை மேலே இழுத்திருந்தது. தூங்கினவனும் போதையில் கிடந்தவனும் அதை இழுக்கமாட்டான். நீ முழித்திருந்தாய். வண்டி சொன்னபடி கேட்கவில்லை என்று தெரிந்து, கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்துப் பார்த்திருக்கிறாய். அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு முன் இடது சக்கரத்தைத் தூக்கினேன். இரண்டு முன்சக்கரத்தையும் ஒன்றாகத் திருப்புகிற கம்பியின் முனை, டை ராட் எண்டு, தனியாகத் தொங்கியது. அந்த முனையில் இருக்கும் இரும்புக் குண்டு, அது சுழலும் கிண்ணத்திலிருந்து கழன்று வெளியே கிடந்தது. மோதியதில் பிடுங்கியிருந்தால் கம்பி வளைந்திருக்கும். கம்பி நேராக இருந்தது. மோதியதும் வலது பக்கம், இது இடது பக்கம். மேலே மூடியிருக்கும் ரப்பர் உறை எப்போதோ கிழிந்திருக்கிறது. மீன் ஐஸின் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி இறங்கி, கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்து தாள் போல ஆகியிருந்தது. உள்ளே மிளகாய்த் தூள் மாதிரி துரு. ஒரு மாதத்தில் வருகிற தேய்மானம் இல்லை அது. நான் சக்கரத்துப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்த அன்றைக்கும் அது அங்கேதான் இருந்தது.

ஏட்டையா என்னவென்று கேட்டார். சொன்னேன். இதை அப்போதே பார்த்திருக்க வேண்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அங்கிருந்து நேரே ரெஜினா வீட்டுக்குப் போனேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஹேண்ட் பிரேக்கைப் பற்றிச் சொன்னேன், கழன்று கிடந்த குண்டைப் பற்றிச் சொன்னேன். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

"அப்பம் எனக்க மாப்பிள குடிக்கேல்ல."

"இல்ல."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். அன்றைக்குத்தான் அவள் உனக்காக அழுதாள் மச்சான். நீ போய் மூன்று மாதத்துக்குப் பிறகு. நான் அதோடு எழுந்து வந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மிச்சத்தையும் சொன்னேன். வேனையும், ஜாக்கியையும், கால் சுற்றையும்.

அவள் எழுந்து, ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள். "ஊருல போய்ச் சொல்லு. அவரு பேரு கெட்டுப்போன எல்லா எடத்துலயும் போய்ச் சொல்லு. சொல்லிட்டு, இந்த வாசல்ல வந்து நிக்காத அண்ணே."

சொன்னேன். துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து டிரைவர்கள் கூடி நிற்கும் நேரத்தில், ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று சொன்னேன். சகாயம் குடிக்கவில்லை, வண்டியைச் சரியாகப் பார்க்காமல் அனுப்பியது நான் என்று. உன்னோடு சேர்ந்து ஓட்டிய பீட்டர் மட்டும் கிட்டே வந்து, என் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் காறித் துப்பிவிட்டுப் போனான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வழக்கு என் பெயரிலும் வரும் என்கிறார்கள். வரட்டும்.

பட்டறைக்கு இப்போது வண்டிகள் அதிகம் வருவதில்லை. வருகிறவர்களில் சிலர் நான் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறார்கள். அது நல்லதுதான்.

ரெஜினா ஞாயிறுதோறும் உன் கல்லறைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். என்னைத் தெருவில் கண்டால் மறுபக்கம் போய்விடுகிறாள். போன வாரம் அபிஷா சீருடையோடு பட்டறைக்கு வந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். உன் நெற்றி, உன் நடை. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மாமா, அப்பா ரொம்ப பயந்திருப்பாரா?"

எனக்குத் தெரியாது மக்களே என்று அவளிடம் சொன்னேன். தெரியாமலா இருக்கும்? கையில் ஸ்டியரிங் வெறுமனே சுற்றினால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகும் என்று தெரியாதா எனக்கு? பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

மச்சான், உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ உடனே தந்துவிடுவாய், "விடு மக்கா" என்று தோளில் தட்டுவாய். அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அபிஷா வளர்ந்து மறுபடியும் அந்தக் கேள்வியோடு வருவாள். அன்றைக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அவளை உட்காரவைத்து, உன் கடைசி நிமிடத்தில் என் பங்கு எவ்வளவு என்பது வரைக்கும் முழுவதும் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாவிட்டாலும் சரி.

உன் ரெஜினாவின் அண்ணன்,
உன் பிள்ளைக்கு இன்றுவரை மாமா,
ததேயு